சுத்தமான விளிம்பு

தழும்பு இடம் மாறியிருந்தது.

வஸீலா முதலில் தன் கண்களைத்தான் சந்தேகித்தாள். ரமலான் மாதத்தின் பத்தொன்பதாம் நாள். விடியலுக்கு முன் குடித்த தண்ணீருக்குப் பிறகு தொண்டையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மரச்சட்ட ஜன்னலின் இடுக்குகள் வழியே விழுந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பிற்பகல் வெயில், பரிசோதனைக் கட்டிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த கிழவரின் மார்பில் கோடு கோடாகப் படிந்து, தோலின் சுருக்கம் எது, நிழல் எது என்று பிரிக்க முடியாமல் செய்தது. அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். விளக்கு வெளிச்சத்திலும் தழும்பு அங்கேதான் இருந்தது. இடது தோளின் மேட்டில்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவள் வெட்டித் தைத்தது மார்பில், காறையெலும்புக்குக் கீழே.

"என்ன மகளே, என் நெஞ்சைப் பாத்து இப்படி மலைச்சுப் போயிட்ட? நாப்பது வருஷத்துக்கு முன்னாடி பாத்திருக்கணும் நீ" என்றார் ஹத்தாப். கெர்கெனா தீவுக்காரர். மண்பானைகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்கி, அடைக்கலம் தேடி உள்ளே நுழையும் எட்டுக்கைப் பேய்க்கணவாயைப் பிடிப்பது அவர் தொழில்.

"மாமா, போன தடவை நான் வெட்டினது எந்த இடம்?"

"வெட்டினவ நீ. கேக்கறது என்கிட்டயா?" என்று சிரித்தவர், விரலால் மார்பைத் தடவிப் பார்த்து, தயங்கி, தோளுக்கு வந்தார். "இங்கதான். ஏன், ஏதாவது கோளாறா? வலி இல்ல, எரிச்சல் இல்ல."

கோப்பிலிருந்த புகைப்படத்தை எடுத்து வைத்து அளந்தாள். எட்டு சென்டிமீட்டர். வயதானால் தோல் தளரும். கனத்த கயிறுகளை இழுப்பவனின் தோள் ஒரு பக்கமாகச் சாயும். எட்டு சென்டிமீட்டர் சாயாது. தழும்பை அழுத்தினாள். அடியில் ஏதோ இருந்தது, முடிச்சிட்ட நரம்பு போல. விரல் அங்கேயே நின்றபோது அது மெதுவாக, மிக மெதுவாக, விரலுக்கு அடியிலிருந்து விலகியது.

ஹத்தாபுக்கு வந்திருந்தது அரிய வகைக் கட்டி. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு நான்கைந்து பேருக்கு வந்தால் அதிகம். கொசுக்கடி போல ஒரு தடிப்பில் தொடங்கும், வலிக்காது, வருடக்கணக்கில் சும்மா இருப்பது போலிருக்கும். ஆனால் மேலே தெரிவது வெறும் முஷ்டி. விரல்கள் தோலுக்கு அடியில் எல்லாப் பக்கமும் நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் வெட்டினால் திரும்ப வந்துவிடும். அதனால் தட்டுப் போல வெட்டியெடுத்து, விளிம்புகளுக்குச் சாயம் பூசி, உறையவைத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். எந்த விளிம்பில் இன்னும் விரல் தெரிகிறதோ அந்தப் பக்கம் மறுபடி வெட்ட வேண்டும். அதுவரை காயம் திறந்தே காத்திருக்கும்.

வஸீலா வெட்டுவாள், பார்ப்பது அவள் கணவன் அனீஸ். மருத்துவமனை இருந்த பழைய வீட்டின் நிலவறையில், ஒரு காலத்தில் ஆலிவ் எண்ணெய் ஜாடிகள் நின்ற இடத்தில், அவனுடைய ஆய்வுக்கூடம். அங்கிருந்து போனில் ஒற்றை வார்த்தை வரும்: "சுத்தம்." அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஊசியை எடுப்பாள். பன்னிரண்டு வருடங்களாக அப்படித்தான். அவன் அவளிடம் சொன்ன அன்பான வார்த்தைகள் எத்தனையோ உண்டு. அவற்றில் இந்த ஒன்றைத்தான் அவள் யோசிக்காமல் நம்பினாள்.

இன்று அவன் வரவில்லை. காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தான்.

"மாமா, இதைத் திறந்து பாக்கணும். இன்னிக்கே."

"ஊசி போட்டா நோன்பு முறியாதுன்னு இமாம் சொல்லிட்டாரு. நீ பேசாம குத்து."

நர்ஸ் மப்ரூக்கா தட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். வஸீலா மரத்துப்போகச் செய்யும் ஊசியைச் சுற்றிலும் போட்டு, காத்திருந்து, இடது கையில் கத்தியை எடுத்தாள். தழும்பைச் சுற்றி வெட்டி ஒரு முனையைத் தூக்கினாள். இரத்தம் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. வாடையும் வேறாக இருந்தது. ஈரச் சணலை வெயிலில் காயப்போட்டது போல ஒரு நாற்றம்.

தோலின் அடிப்பக்கத்தைத் திருப்பினாள்.

தையல்கள் இருந்தன.

அவள் போட்ட நூல் கரைந்துபோய் ஒன்றரை வருடமாகியிருக்கும். இது நூலே அல்ல. முடியைப்போல மெல்லிய, வெளுத்த, பளபளக்கும் தசைநார். சம இடைவெளியில் உள்ளே நுழைந்து வெளியே வந்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு முடிச்சு. வஸீலா இடதுகைக்காரி, அவள் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் புரண்டு விழும். படிக்கும் காலத்திலிருந்தே சக மருத்துவர்கள் அதைக் கிண்டல் செய்வார்கள். இந்த முடிச்சுகளும் அதே பக்கம் புரண்டிருந்தன.

ஆனால் அவை போடப்பட்டிருந்தது உள்ளேயிருந்து.

"டாக்டரம்மா?" என்றாள் மப்ரூக்கா. அவள் நின்ற இடத்திலிருந்து காயத்தின் உட்புறம் தெரியாது. "முகமெல்லாம் வெளுத்துப் போச்சே. நோன்பை விட்டுடுங்களேன், பின்னால ஒரு நாள் வெச்சுக்கலாம்."

"ஒண்ணுமில்லக்கா. நீங்க கிளம்புங்க. அடுப்பு வேலை கிடக்கும்ல."

"நீங்க தனியா..."

"போங்கக்கா."

ஏன் அவளை அனுப்பினோம் என்று வஸீலாவுக்கே தெரியவில்லை. தான் பார்த்ததை இன்னொருவரும் பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயமாக இருக்கலாம். தழும்போடு வெட்டியெடுத்த தசையை ஈரத் துணியில் வைத்தாள். திறந்த காயத்தின்மேல் கனமாகப் பஞ்சு வைத்துக் கட்டி, ஹத்தாபைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், காத்திருக்கும் அறையில் மூன்று சுவர்களையும் ஒட்டி ஓடிய நீள மெத்தையில் உட்காரவைத்தாள்.

"ஒரு மணி நேரம் ஆகும் மாமா. அசையாம இருங்க."

"நான் எங்க போறேன்? இன்னிக்கு வரச் சொன்னதே உன் புருஷன்தானே. நோன்பு திறக்கற வரைக்கும் இருக்கணும்னு சொன்னாரு."

"அனீஸா? எப்போ சொன்னான்?"

"நேத்து போன் பண்ணாரு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. நேற்று முழுவதும் அவனுக்குக் காய்ச்சல்.

நிலவறைப் படிகளில் இறங்கும்போது எண்ணெயின் பழைய மக்கிய வாசனை வந்தது. சுவர்கள் குளிர்ந்திருந்தன. அவள் தசையின் விளிம்புகளுக்கு நீலமும் சிவப்பும் பூசி, உறையவைத்து, அனீஸின் இடத்தில் உட்கார்ந்து இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினாள். கத்தி ஒவ்வொரு முறை சீவும்போதும் ஒரு பெருமூச்சு போலச் சத்தம். படிக்கும்போது செய்த வேலை; கை மறக்கவில்லை. சாயத்தில் முக்கி எடுத்து, கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள்.

இந்தக் கட்டியின் செல்களுக்கு ஒரு தனி அழகு உண்டு. பாய் முடைந்ததுபோல ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். அந்தப் பின்னலைப் பார்த்துத்தான் அதை அடையாளம் காண்பார்கள். இதிலும் பின்னல் இருந்தது. ஆனால் வழக்கமான பின்னலுக்குத் தொடக்கமோ முடிவோ இருக்காது. இதற்கு இருந்தது. செல்கள் வரிசையாகச் சென்று, வளைந்து, தம்மையே தாண்டி, இறுகி நின்றன. வளையம். முடிச்சு. வளையம். முடிச்சு.

கடிகார முகம்போல எண்ணினால், பன்னிரண்டு மணி இருக்கும் விளிம்பிலும் அது இருந்தது. மூன்று மணி விளிம்பிலும். தகட்டைச் சுழற்றிப் பார்த்தாள். எல்லா விளிம்பிலும்.

அப்படியானால் இரண்டு வருடங்களுக்கு முன்? அன்று அனீஸ் சொன்னானே.

பழைய தகடுகள் இருந்த இழுப்பறையைத் திறந்தாள். ஹத்தாபின் பெயர் சுலபமாகக் கிடைத்தது. தகட்டை வெளிச்சத்தில் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, மைக்ராஸ்கோப்பே வேண்டியிருக்கவில்லை. சந்தேகமான இடத்தில் கண்ணாடியின் மேல் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பது அனீஸின் வழக்கம். புள்ளி இருந்தால் அவள் மறுபடி வெட்ட வேண்டும் என்று பொருள். ஹத்தாபின் தகட்டில் விளிம்பைச் சுற்றி ஒன்பது புள்ளிகள் இருந்தன.

அவன் பார்க்கத் தவறவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறான். நிதானமாக, ஒழுங்காக, ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்திருக்கிறான். வைத்துவிட்டு, போனை எடுத்து, அவளிடம் "சுத்தம்" என்றிருக்கிறான். அவள் தைத்து மூடியிருக்கிறாள்.

அடுத்த தகடு, காபெஸிலிருந்து வந்த ஆசிரியையுடையது. புள்ளிகள். மஹ்ரெஸில் ரொட்டி சுடுபவர். புள்ளிகள். நிச்சயதார்த்தத்துக்கு முன் வந்து, கழுத்தில் தழும்பு தெரியுமா என்று கேட்டு அழுத பெண். புள்ளிகள், புள்ளிகள். மூன்று வருடங்களில் இந்த நோயோடு அவளிடம் வந்தவர்கள் பதினோரு பேர். இத்தனை பேரா என்று ஒருமுறை அவள் கேட்டபோது, "தெற்குல உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று அவன் நெற்றியில் முத்தமிட்டது நினைவுக்கு வந்தது. பதினோரு தகடுகள். எல்லாவற்றிலும் பச்சை.

பன்னிரண்டாவது ஒன்றும் இருந்தது. அவனுடைய பொடிக் கையெழுத்து. முதல் நோயாளியின் தகட்டுக்கு ஒரு வாரம் பிந்திய தேதி. *அனீஸ். இடது மணிக்கட்டு.*

வஸீலா தகட்டைக் கீழே வைத்தாள். போனை எடுத்து அவனை அழைத்தாள்.

காதில் மணி ஒலித்தது.

தலைக்கு மேலேயும் ஒலித்தது.

மேல் தளத்தில், காத்திருக்கும் அறை இருக்கும் இடத்தில், அவன் போனின் மணி. மூன்று முறை. நான்கு. பிறகு அழைப்பைத் துண்டித்துவிட்டான். அந்த அமைதியில் வேறொரு சத்தம் கேட்டது. கனத்த துணிக்குள் நூலை நீளமாக இழுக்கும் சத்தம். இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. ஒரு இடத்திலிருந்து அல்ல. பல இடங்களிலிருந்து.

தெருவுக்குப் போகும் ஒரே வழி அந்த அறையின் ஊடாகத்தான்.

அவள் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு படியேறினாள். நடைவழியில் அனீஸ் நின்றிருந்தான். சட்டை மாற்றி, தாடி மழித்து, பெருநாள் தொழுகைக்குக் கிளம்பியவனைப்போல. காய்ச்சல்காரன் முகம் இல்லை அது.

"இழுப்பறையைத் திறந்துட்டியா?"

"எத்தனை வருஷமாடா பொய் சொன்ன?"

"மூணு."

"நீ சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் ஊசியே எடுப்பேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சும்..."

"கையை அறுத்துக்கிட்டேன், வஸீலா. உன்னோட முதல் கேஸைச் சீவறப்போ பிளேடு வழுக்கிடுச்சு. ஆழமா. உன்கிட்ட ஓடி வரலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள அது தானா மூட ஆரம்பிச்சுது. உன் முடிச்சு. உன் கை எப்படிப் போடுமோ அப்படியே. நான் உக்காந்து பாத்துட்டே இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வெட்டியிருப்ப."

"ஆமா. வெட்டியிருப்பேன். உன்னைக் காப்பாத்தியிருப்பேன்."

"அதான் சொல்லல." அவன் குரலில் வெட்கம் இல்லை, அவளைத் தேற்றுவது போன்ற ஒரு பொறுமை இருந்தது. அதுதான் அவளை உள்ளே பிளந்தது. "யாராவது செத்தாங்களா? ஒருத்தராவது வலின்னு வந்தாங்களா? உன்னை நான் ஏமாத்தல. உன் வேலையைத்தான் அது தொடர்ந்து செய்யுது."

"அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சு அழுதா அனீஸ். எல்லாம் போயிடுச்சான்னு கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன். நீ சொன்னதை நம்பிச் சொன்னேன்."

அவன் சற்றே விலகி வழிவிட்டான்.

காத்திருக்கும் அறையின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மாலை வெளிச்சம் இடுக்குகளில் சிவந்து நின்றது. ஈரச் சணலின் நாற்றம். மெத்தையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆசிரியை. ரொட்டிக்காரர். அந்தப் பெண், விரலில் இப்போது மோதிரத்துடன். ஹத்தாப். ஒவ்வொருவரையும் அவளுக்குத் தெரியும். ஒவ்வொருவரையும் அவள் திறந்து மூடியிருக்கிறாள். பதினோரு பேர். மூன்று சுவர்களிலும், இடைவெளியில்லாமல், தோளோடு தோள் ஒட்டி.

எல்லோரும் மேலாடையின் கைப்பகுதியைச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.

ஹத்தாபின் தோளில் அவள் கட்டிய கட்டு இல்லை. அது தரையில் கிடந்தது. காயமும் இல்லை. அவர் தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியையின் தோள் தொடங்கியது. நடுவே ஒரு தையல். நேரான, அழகான தையல். சம இடைவெளி. இடப்பக்கம் புரண்ட முடிச்சுகள்.

"மாமா," என்றாள் வஸீலா.

"வலிக்கவே இல்லடி மகளே" என்றார் ஹத்தாப்.

பேசியது அவர் வாய். அசைந்தது ஆசிரியையின் தொண்டை.

வெளியே, நகரச் சுவருக்கு அப்பால், நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி வெடித்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. மெத்தையின் கோடியில் இருந்த ரொட்டிக்காரர், பக்கத்து மேசையிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுக்கக் கையை நீட்டினார். அவர் கை நீள, அவர் பக்கத்திலிருந்தவர் சாய்ந்தார். அடுத்தவர் சாய்ந்தார். அதற்கடுத்தவர். வரிசை முழுவதும் ஒரே இழுப்பில் சாய்ந்து, நின்று, மெல்ல நிமிர்ந்தது. ஒருவர் மென்றார். பதினோரு பேர் விழுங்கினார்கள்.

அவள் கையில் கத்தி இருந்தது. வெட்டத் தெரியும். வாழ்நாள் முழுவதும் அதைத்தான் செய்திருக்கிறாள். எங்கே தொடங்குவது? அவள் கண்கள் தாமாகவே தேடின. நோய் முடிந்து மனிதர் தொடங்கும் இடத்தை.

விளிம்பே இல்லை.

அனீஸ் அவளைக் கடந்து போனான். வரிசையின் நடுவில் ஹத்தாபையும் அந்தப் பெண்ணையும் இணைத்திருந்த தையல் தானாக அவிழ, இருவரும் மெதுவாக, ஒருவரையொருவர் உரசாமல், விலகி இடம்விட்டார்கள். இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு. அவன் ஹத்தாபின் பக்கம் உட்கார்ந்தான். சட்டையின் கைப்பகுதியை முழங்கைக்கு மேல், நேர்த்தியாக, மடித்து மடித்து ஏற்றினான்.

நூல் இழுபடும் சத்தம்.

அவன் கண்களை மூடித் திறந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான். திருமணத்தன்று சிரித்த அதே சிரிப்பு.

"வா, வஸீலா."

அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே ஒரு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை நோக்கி இருந்த அவர்களுடைய கைகளில், தோள் முதல் முழங்கை வரை, தோல் திறந்திருந்தது. இரத்தம் இல்லை. ஈரமான சிவப்பு. இரண்டு பக்கத்திலிருந்தும் வெளுத்த இழைகள், முடியைப்போல மெல்லியவை, நூற்றுக்கணக்கில் நீண்டு, அந்த வெறும் காற்றில், ஒரு பெண்ணின் தோள்கள் இருக்கக்கூடிய உயரத்தில், இடமும் வலமும் மெல்லத் துழாவிக்கொண்டிருந்தன.